கடைசி வசனம் பாக்கி

மாலை ஐந்தேகால். ஐந்தேகால்தான்... ஆனால் ஜூலை மாதம், இந்தப் பக்கத்தில் நடுக் குளிர்காலம். எங்கள் மேட்டுநிலத்தில் ஜூலையில் அதற்குள் இருட்டிவிடும். டூமி சாலை. தார் கிடையாது, வெறும் சரளைக்கல். இரண்டு பக்கமும் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் புல்வெளி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. ஆடுகள்கூட எங்கோ ஒண்டிக்கொண்டுவிட்ட நேரம். அந்தச் சாலையில் ஒரு பழைய பிக்கப் வண்டி போகிறது. உள்ளே இரண்டு பேர்...

கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கட்டையைக் கொஞ்சம் நெருப்புக்குள் தள்ளுங்கள். சரி.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ராத்திரி ஷிப்ட் பார்க்கும் மெர்வ் இருக்கிறாரே, அவருடைய அண்ணன் மகளுக்கு நடந்தது. மெர்வை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேய், பிசாசு என்று பேசுகிற ஆளில்லை. காலடியில் பாம்பு போனால்கூட, "போடா அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பவர். இதைச் சொன்ன அன்றைக்கு அவர் டீ ஆறி, ஏடு படிந்து, அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

பெண்ணின் பெயர் பிரைடி. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். வண்டியை ஓட்டியவன் ஃபெர்கஸ். இரண்டு பேரும் மாணவர் நாடகக் கழகத்தில் இருந்தார்கள். பிரைடி சின்னச் சின்ன வேஷங்கள் கட்டுவாள். ஃபெர்கஸ் மேடை நிர்வாகி. எந்த வசனத்துக்கு எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைய வேண்டும், எல்லாம் அவன் விரல் நுனியில்.

அந்தக் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லவே கூடாது. பார்க்க ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான், முதல் நாள் மேடையில்தான், முதன்முதலாக அதைச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் அந்த இடம் வந்தால், வசனத்துக்கு உரியவன் "நாளைக்குச் சொல்றேன்" என்பான். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அறுபது வருடமாக இப்படித்தான். கடைசி வசனம் மேடையில் ஒலித்தால்தான் அது கழகத்தின் நாடகம். இல்லையென்றால் கணக்கிலேயே வராது. படம் மாட்ட மாட்டார்கள், பேர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பிரைடியின் அண்ணன் டெக்லன். அவனும் அதே கழகம். போன வருடம் அவன்தான் கதாநாயகன். ஒரு பண்ணைவீட்டுச் சமையலறையில் நடக்கிற நாடகம். வருடக்கணக்காக வீட்டுக்கு வராத மகன் கடைசிக் காட்சியில் வருவான். அடுப்பில் தண்ணீர் கொதித்து, கெட்டில் விசில் மாதிரிக் கூவும். அதுதான் சைகை. கெட்டில் கூவியதும் அவன் வாசலில் நின்று, "நான் வந்துட்டேன். விளக்க அணைச்சிடு" என்பான். விளக்கு அணையும். முடிந்தது நாடகம்.

முதல் நாள் அரங்கேற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கெட்டிலின் கைப்பிடி உடைந்துபோயிற்று. "நம்ம கொட்டகையில பழசு ஒண்ணு கெடக்குடா" என்று சொன்னவன் ஃபெர்கஸ். டூமி சாலையின் கோடியில், முன்பு ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த ஒரு தகரக் கொட்டகை. பழைய நாடகச் சாமான்கள் எல்லாம் அங்கேதான் போட்டுவைத்திருந்தார்கள். டெக்லன் போனான். கெட்டிலை எடுத்தான். திரும்பி வரும்போது இருட்டில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. வண்டி மரத்தில் மோதியது.

அரங்கம் நிரம்பியிருந்தது. அவனுக்காகக் காத்திருந்தார்கள்... கெட்டில் அவன் பக்கத்து இருக்கையில் நசுங்கிக் கிடந்தது. அது எந்த நாடகத்துக் கெட்டில் என்று பிற்பாடு விசாரித்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பிரைடி அழவில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தாள். "தைரியமான பொண்ணு" என்று ஊரே சொன்னது. மெர்வ் மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு நாள் பார்த்தார். சுடச்சுட இருந்த தட்டை அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்தாள். தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் கீழே வைத்தாள். வலி முகத்தில் இல்லை. "வலிக்கலையாம்மா?" என்றதற்கு, "எதுவுமே வலிக்கல சித்தப்பா" என்றாள். மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி அவள் தன்னையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் அப்படியே போயிற்று.

இந்த வருடம் கழகத்துக்கு அறுபது. அரங்கத்தின் முன்கூடத்தில் கண்காட்சி. இதுவரை போட்ட நாடகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாமான், ஒரு படம். பிரைடி கழகத் தலைவி ஃபிலிப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"டெக்லனோட நாடகத்தையும் வைக்கலாமா?"

ஃபிலிப்பா கெட்டவள் இல்லை. ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதடி. கடைசி வசனம் சொல்லலையே. ஒண்ண சேத்தோம்னா, ஒத்திகையோட நின்னுபோனது எல்லாம் வந்து வரிசை கட்டி நிக்கும்."

"அப்படி வேற எது நின்னுச்சு?"

"அது எப்படித் தெரியும்? கணக்குல இல்லாதத யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

"சரி" என்றாள் பிரைடி. அவ்வளவுதான். கோபம்கூட வரவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வர ஆள் கேட்டபோது, "நான் போறேன்" என்றாள். ஃபெர்கஸ், "நான் ஓட்டுறேன்" என்றான்.

அதுதான் நான் முதலில் சொன்ன பிக்கப் வண்டி.

ஃபெர்கஸ் வாயாடி. ஆனால் அந்தச் சாலையில் குறுக்கே எதுவும் பாய்கிறதா என்று மட்டும் பார்த்து ஓட்டினான். டெக்லன் மோதிய மரம் வந்தது. பட்டை உரிந்த இடம் விளக்கொளியில் வெள்ளையாகத் தெரிந்தது. கடந்துபோனார்கள்.

கொட்டகையில் மின்சாரம் இல்லை. பெரிய தள்ளுகதவைத் திறந்துவிட்டு, ஃபெர்கஸ் வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தி முன்விளக்குகளை எரியவிட்டான். உள்ளே வெளிச்சம் பாய்ந்தது. ரோமம் கத்தரித்து எத்தனையோ வருடமாகியும் ஆட்டு எண்ணெயின் பிசுக்கு வாடை பலகையில் ஊறிக் கிடந்தது. அதன்மேல் அந்துருண்டை வாடை. பழைய பெயின்ட் வாடை. காகிதக் கூழில் செய்த சிம்மாசனம், சக்கரம் வைத்த படகு, மரக் குதிரையின் தலை... சுவர் ஓரமாகக் கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள், அங்கிகள், கவுன்கள். அறுபது வருடத்து ஆட்கள் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனது போல் இருந்தது.

ஏற்றினார்கள். சிம்மாசனம், படகின் துடுப்பு, ராணியின் தொப்பி. ஃபெர்கஸுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"இந்தக் குதிரைக்குள்ளதான் நான் முதல் வருஷம் இருந்தேன். பின்னங்கால். முன்னங்கால் பீன்ஸ் தின்னுட்டு வந்துட்டான். மறக்கவே முடியாது."

பிரைடி சிரிக்கவில்லை. அவள் கொட்டகையின் உட்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபெர்கஸ்... அந்தச் சமையலறை செட்ட நீ எப்படி வச்சிட்டுப் போன?"

"பிரிச்சுப் போட்டேன். தட்டி மூணையும் சுவத்துல சாச்சு, மேஜையக் கவுத்து..."

அவனும் அந்தப் பக்கம் பார்த்தான். மூன்று கித்தான் தட்டிகளும் எழுந்து நின்றன. மேஜை நேராக இருந்தது. நாற்காலிகள் போட்டிருந்தன. கதவு வரைந்த தட்டியில் கதவு திறந்திருந்தது.

"பசங்க எவனோ வெளையாடியிருக்கான்" என்றான் ஃபெர்கஸ். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "வா, போலாம். மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். நான் வண்டியத் திருப்புறேன்."

போய் வண்டியில் ஏறினான். சாவியைத் தொட்டான். அப்போதுதான் கேட்டது...

மெல்லிசாக. தூரத்தில் யாரோ மூச்சு விடுவது போல ஆரம்பித்து... ஏறி... ஏறி... கெட்டில் கூவியது.

தகரத்தின் இடுக்கில் காற்று என்று ஃபெர்கஸ் நினைக்கப் பார்த்தான். வெளியே காற்றே இல்லை. ஒரு புல்கூட அசையவில்லை.

பிரைடி சமையலறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. கெட்டில் கூவுகிறது. வாசலில் ஆள் இல்லை. நாடகக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இதைவிடப் பெரிய அவஸ்தை அவர்களுக்குக் கிடையாது. சைகை வந்துவிட்டது, பேச வேண்டியவன் வரவில்லை. மேடையில் நிற்கிற எவரும் அந்த மௌனத்தை இரண்டு மூச்சுக்கு மேல் தாங்க மாட்டார்கள். ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

"நான் வந்துட்டேன்" என்றாள் பிரைடி. "விளக்க அணைச்சிடு."

கெட்டில் நின்றது.

ஃபெர்கஸின் கை விளக்குகளை அணைத்தது. அவன் அணைக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். இரண்டு மாத ஒத்திகையில் அந்த வசனத்துக்காகவே காத்திருந்த கை. வசனம் வந்தது, கை வேலையைச் செய்துவிட்டது.

கும்மிருட்டு.

பிறகு... கைதட்டல்.

முதலில் ஓர் இடத்தில். பிறகு பக்கத்தில். பிறகு சுவர் ஓரம் முழுக்க, கோட்டுகள் தொங்கிய பக்கம் முழுக்க. பளீரென்ற கைதட்டல் இல்லை. மெத்து மெத்தென்று, கம்பளிப் போர்வையைத் தட்டுகிற மாதிரி. தூசி கிளம்பி ஃபெர்கஸின் தொண்டை வரைக்கும் வந்தது.

கைதட்டல் கேட்டால் மேடை நிர்வாகி என்ன செய்வான்? கடைசி வணக்கத்துக்கு விளக்கைப் போடுவான். அவன் கை அதையும் செய்தது.

வெளிச்சத்தில் பிரைடி அந்தச் சமையலறையின் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டியிருந்தாள், நடிகர்கள் கைகோத்து நிற்பார்களே அப்படி. அவளுக்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை. அந்தப் பக்கமும் யாரும் இல்லை. குனிந்து வணங்கினாள். பின்னால் தகரச் சுவரில் நிழல்கள் குனிந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை... அதில் பிரைடியின் நிழல் எது என்று ஃபெர்கஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அணைச்சிடாத ஃபெர்கஸ்! அணைச்சிடாத!"

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வணக்கத்தில் கோத்த கையை, விளக்கு அணையும் வரை விடக்கூடாது. அதுவும் அந்தக் கழகத்தின் வழக்கம். இடது கையை யாரோ பிடித்திருந்தார்கள். இரண்டு தரம் அழுத்தினார்கள். குனி என்பதற்கு டெக்லன் எப்போதும் அப்படித்தான் அழுத்துவான். நகம் கடித்துக் கடித்து மொண்ணையான விரல்கள். பிரைடிக்குத் தெரியாதா?

ஃபெர்கஸ் அணைக்கவில்லை. ஓடிப்போய் அவளை இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் போட்டான். வழி முழுக்க உள்விளக்கை எரியவிடச் சொன்னாள். இடது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். விரல்கள் பாதி மூடியிருந்தன.

கண்காட்சி நடந்தது. ஃபெர்கஸ் யாரையும் கேட்காமல் அந்தச் சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் போட்டான். ஃபிலிப்பா வந்து பார்த்தாள்.

"இது எதுக்குடா?"

"டெக்லனோடது. கடைசி வசனம் சொல்லியாச்சு."

"யாரு கேட்டா?"

"நெறைய பேரு."

ஃபிலிப்பா அவன் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை எடுக்கச் சொல்லவில்லை.

பிரைடி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளுக்கு இப்போது வேறு கவலை. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தன. தூங்கும்போதும் எரிந்தன. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பைக்குள் இரண்டு டார்ச். மெர்வ் அந்த இடது கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மணிக்கட்டு வரை சூடு, அதற்குக் கீழே ஐஸ். வைத்தியரிடம் காட்டினார்கள். நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

"ஒடம்புல இது ஒண்ணுதான் சித்தப்பா உசுரோட இருக்கு" என்றாள் பிரைடி. "மத்தது எல்லாம் கட்டை. இருட்டாச்சுன்னா அவன் கைய விட்டுருவான்."

மெர்வ் அவள் தலையைத் தடவினார். "சரிம்மா, விளக்கு எரியட்டும். கரண்ட் பில்லு நான் கட்டுறேன்" என்றார்.

செப்டம்பரில் மெர்வுக்கு அறுபது நிறைந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் விருந்து. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பீர். பிரைடி மெர்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெர்வின் மனைவி நோலீன் கேக்கைக் கொண்டுவந்தார். நல்ல மனுஷி. எல்லோருக்கும் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வார். இதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டுச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சம் இருந்தது, பிரைடி பொறுத்துக்கொண்டாள். ஆனால் மெர்வுக்கு நுரையீரல் குதிரை நுரையீரல். பேரப்பிள்ளைகள் "ஊது தாத்தா, ஊது!" என்று கத்தினார்கள். ஒரே ஊது.

இருட்டு. உடனே எல்லோரும் கைதட்டினார்கள்.

"வேண்டாம்!" என்று பிரைடி அலறினாள்.

நோலீன் பதறி விளக்கைப் போட்டார். பிரைடி இடது கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கை சிவந்து, சூடாக, எல்லோருடைய கையையும் போல.

"போயிட்டான்" என்றாள். "ரெண்டு தரம் அழுத்தினான். போயிட்டான்."

பிறகு அழுதாள். ஒரு வருட அழுகை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி. மெர்வ் அவளைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். அப்பாடா, பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தார். வந்தவர்கள் கேக்கைத் தொடாமலேயே மெல்லக் கலைந்துபோனார்கள். பிரைடி அன்றைக்கு அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் காலை. நல்ல வெயில். மெர்வ் டீ போடச் சமையலறைக்கு வந்தார். பிரைடி அவருக்கு முன்னால் எழுந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் மனுஷ முகம். மெர்வ் கெட்டிலை அடுப்பில் வைத்தார். அப்புறம்தான் கவனித்தார்... ஒரே கையால் கழுவுகிறாள். இடது கையால். வலது கை கம்பளிச் சட்டையின் பைக்குள் இருந்தது.

"கைய வெட்டிக்கிட்டியா?"

"இல்ல சித்தப்பா."

"அப்ப வெளிய எடு, பாப்போம்."

எடுத்தாள். விரல்கள் பாதி மூடியிருந்தன. தன் கையைவிடச் சின்னதான ஒரு கையைப் பிடித்திருப்பது போல. மெர்வ் தொட்டார். ஐஸ்.

"அன்னைக்குக் கொட்டகையில ரெண்டு பக்கமும்தான் புடிச்சாங்க" என்றாள். "நான் டெக்லன் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தப் பக்கம் யாருன்னு திரும்பிக்கூடப் பாக்கல. இத்தன நாளா இது சும்மா லேசாத் தொட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. நேத்து இருட்டுல அவன் விட்டான். இது இறுக்கிப் புடிச்சுக்கிச்சு."

"யாரும்மா அது?"

"தெரியல. அவன் நாடகம் முடிஞ்சுது, அவன் போயிட்டான். இதோடது முடியல. எந்தக் காலத்து நாடகமோ... கடைசி வசனம் பாக்கியாம்."

மெர்வ் தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இருந்தாலும் சித்தப்பா அல்லவா? ஏதாவது வழி சொல்ல வேண்டுமே.

"அதனால என்ன? அதையும் நீயே சொல்லி முடிச்சு வுட்டுரு. என்ன வசனம்னு கேளு."

அடுப்பில் கெட்டில் கூவ ஆரம்பித்தது. பிரைடி திடுக்கிடவில்லை. வலது பக்கமாகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள், குட்டையான யாரோ பேசுவதைக் கேட்பது போல.

"ராத்திரி பூரா கேட்டேன் சித்தப்பா. இப்பவும் கேக்குறேன்."

"என்ன சொல்லுது?"

"நாளைக்குச் சொல்றேங்குது."